கெஸ்லரின் சுட்டுவிரல்

ஒரு மனிதனுடைய விரலின் மீது நான் பொய்ப்பழி சுமத்தினேன். அந்த விரல் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். அவர் நம்பினார். என் தொழிலைப் பற்றி வேறு எதை எழுதினாலும் இதை மறைப்பதற்காக எழுதியதாகவே இருக்கும் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எழுதத் தூண்டியவள் அபிராமி. சுவிஸில், டீட்டிகோனில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் குடும்பத்தின் மூத்த மகள். இங்கே பிறந்தவள், ஆய்வுகூடத்தில் வேலை, சனிக்கிழமைகளில் சுடும் கழகமொன்றில் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். நான் இருபத்தாறு வருடம் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் வேலை செய்தவன் என்று அவளிடம் தாய் சொல்லியிருக்கிறார். ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், என்ர பிஸ்டலுக்கு விசை வேலை செய்விக்க வேணும். மூண்டு பேரைப் பாத்து வைச்சிருக்கிறன். ஆரிட்டக் குடுக்கிறது?"

"ஆர் ஆர்?"

"ஒராள் ஒரு நாளில முடிச்சுத் தாறாராம். இன்னொராளுக்கு இன்ரநெட்டில ஐஞ்சு நட்சத்திரம். மூண்டாவது ஒரு கிழவன். ரெலிபோனே எடுக்கிறாரில்லை."

"அந்தக் கிழவனைப் போய்ப் பார்."

"என்ன அங்கிள், கிழவனுக்குக் கிழவன் சப்போட்டோ?"

சிரித்தேன். பிறகு என் அனுபவத்தில் ஒரு துப்பாக்கிக் கைவினைஞனைத் தெரிவு செய்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். "போய், நீங்கள் பழுதாக்கின துண்டுகளைக் காட்டுங்கோ எண்டு கேள். மேசை லாச்சியைத் திறந்து காட்டினாரெண்டா அவரிட்டக் குடு."

"பழுதாக்கிற ஆளிட்ட ஏன் குடுப்பான்?"

"எல்லாரும் பழுதாக்கினவைதான் பிள்ளை. ஒளிக்கிறவனிட்டக் குடுக்காதே."

"அப்ப நீங்கள்? ஒளிச்சனீங்களோ?"

பகிடியாகத்தான் கேட்டாள். அவளுடைய இயந்திரம் சுழன்று முடிந்து நின்றது. நான் ஏற்கனவே மடித்த துவாயை எடுத்து மறுபடி மடித்தேன். அவள் உடுப்புகளைக் கூடையில் போட்டபடி இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

விசை வேலை என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிஸ்டலின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் அது அப்படியே நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கொக்கி. விரல் விசையை அழுத்தும்போது கொக்கி விலகும், சுத்தியல் விழும், வெடிக்கும். சுத்தியலும் கொக்கியும் ஒன்றையொன்று தொடும் இடம் நகத்தின் தடிப்புக்கூட இல்லை. போட்டிக்குச் சுடுகிறவருக்கு அந்த இடம் உராயாமல், இழுபடாமல் சட்டென்று விட வேண்டும். அதற்காக அந்த முகத்தை எண்ணெய்க்கல்லில் தேய்ப்போம். ஆனால் அந்த உருக்கின் மேல்தோல் மட்டும்தான் கடினமானது. கடுதாசி அளவுத் தோல். அதைத் தாண்டித் தேய்த்தால் உள்ளே மெத்தென்ற இரும்பு வரும். கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்புத்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவன். இங்கே வந்து சூக் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு லிம்மாட் பள்ளத்தாக்கில் ஹோஃபர் என்பவருடைய பட்டறையைக் கூட்டித் துடைக்கப் போனேன். ஒருநாள் நான் ஒரு அரத்தைப் பிடித்த விதத்தை அவர் பார்த்தார். அடுத்த நாள் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு ஒரு சதுர இரும்பைக் கையில் தந்தார். மற்றதெல்லாம் படிப்படியாக வந்தது.

ஹோஃபரை எல்லோரும் மைஸ்டர், அதாவது ஆசான், என்றுதான் அழைப்போம். ஒல்லியான, நீண்ட, சத்தமில்லாத மனிதர். அவர் பின்னால் வருவது தெரியாது. தேய்க்கும்போது வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது அவர் சட்டம். முதலில் கொக்கியின் முகத்தில் கறுப்பு மை பூச வேண்டும். ஐந்து இழுவை, சத்தமாக எண்ணி. பிறகு உருப்பெருக்கியில் பார்த்து, மை எங்கே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். மறுபடி ஐந்து. மூன்று ஐந்துக்கு மேல் அவரைக் கேட்காமல் யாரும் போகக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் "காணும்" என்பார். அவர் ஜெர்மனில் சொன்னதெல்லாம் என் மனதில் எங்கள் தமிழிலேயே தங்கிவிட்டது. மற்றவர்கள் பேசியதையும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் எட்டு வருடம் நான் முழுப் பிஸ்டல் ஒன்றைக் கையில் எடுத்ததில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஹோஃபர் அதை அட்சரம் பிசகாமல் பார்த்தார். எனக்குத் தருவது கொக்கி, வில்சுருள், திருகாணி. கோயிலில் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ன அண்ணை, துவக்குக்குப் பயந்து ஓடி வந்து துவக்குக் கடைக்கோ வேலைக்குப் போறியள்?"

"எனக்குத் தாறது துவக்கில்லையடாப்பா. அதின்ர பல்லும் நகமும்."

சிரித்துச் சொன்னாலும் சுட்டது. சுவிஸ் குடியுரிமையும் சிவப்புக் கடவுச்சீட்டும் கிடைத்த கிழமையே ஹோஃபர் தன் மேசைக்கு அருகில் எனக்கு இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்றைப் பூட்டி, ஒரு முழுப் பிஸ்டலை என் முன்னால் வைத்தார். "ஷிவா, தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் நீ. சோதனை அட்டையில உன்ர கையெழுத்து."

அது கெஸ்லருடைய பிஸ்டல். ஹேர் கெஸ்லர் என்று மரியாதையாக அழைப்பேன். ரயில் ஓட்டுநர். கனத்த கைகள், மெதுவான பேச்சு. தம்பி ரூடியும் அவரும் ஒரே கழகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுடுகிறவர்கள். "எனக்கு அது மெல்லிய கண்ணாடிக் குச்சி முறியிற மாதிரி விடவேணும்," என்று அவர் தன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து இல்லாத ஒரு குச்சியை முறித்துக் காட்டினார். சனிக்கிழமை போட்டி.

மூன்று ஐந்து இழுவை முடிந்தது. விசை நன்றாக இருந்தது. ஹோஃபர் தள்ளியிருந்து "காணும்" என்றார். எனக்குக் கண்ணாடிக் குச்சி வேண்டியிருந்தது. என் முதல் பிஸ்டல். அவர் தபால் எடுக்க முன்வாசலுக்குப் போன நேரம் இன்னும் இரண்டு இழுவை இழுத்தேன். எண்ணவில்லை. கடின உருக்கு கல்லில் போகும்போது சன்னமாக ஒரு சத்தம் வரும். சில்வண்டு தூரத்தில் கத்துவது போல. இரண்டாவது இழுவையின் பாதியில் அந்தச் சத்தம் நின்றது. கல் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஊமையாகிவிட்டது. அது என்ன என்று எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டு, துடைத்து, எண்ணெய் பூசிப் பூட்டினேன்.

விசை மிக அருமையாக இருந்தது.

ஹோஃபரின் சோதனை இரண்டு பகுதி. குழாயை மேலே நிமிர்த்தி விசையில் ஒரு கிலோ எடையைக் கொளுவித் தூக்க வேண்டும். மூன்று தடவை சுத்தியல் விழாமல் தாங்க வேண்டும். தாங்கியது. இரண்டாவது பகுதி அவருடைய சொந்த வழக்கம், வேறு பட்டறைகளில் நான் கேள்விப்படவில்லை. வெறும் பிஸ்டலின் சுத்தியலை இழுத்து நிறுத்தி, வைஸில் தோல் வைத்துப் பூட்டி, சுத்தியல் விழும் இடத்தில் சிகரெட் சுற்றும் தாள் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். ஒரு முழு வேலை நாள் யாரும் தொடக் கூடாது. ஆள் இல்லாத நேரம் சுத்தியல் தானாக விழுந்தால் தாள் கடிபட்டு நிற்கும். "அது தனிய இருக்கேக்க என்ன செய்யுது எண்டு பாக்க வேணும்," என்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹோஃபர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே கார்த்திகை மாதத்து மூடுபனி, யன்னலில் வெள்ளைத் துணி கட்டியது போல. என் மனைவி பத்மா கட்டித் தந்த புட்டை நான் மேசையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிஸ்டல் என் முழங்கைக்கு மூன்று அடி தள்ளி இருந்தது.

டிக்.

பின்னால் ஒருவர் நின்று நாக்கை ஒருமுறை தட்டியது போல இருந்தது. நான் முதலில் திரும்பிக் கதவைத்தான் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. பிறகு வைஸைப் பார்த்தேன். சுத்தியல் கீழே. தாளின் நுனி அதன் வாயில்.

எழுந்து கை கழுவினேன். சுத்தியலை மறுபடி இழுத்தேன். நின்றது. தட்டிப் பார்த்தேன், நின்றது. ஹோஃபரிடம் சொன்னால் புதுக் கொக்கிக்கு எழுதிப்போட்டு இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். கெஸ்லருக்கு நாளை போட்டி. எனக்கு என் முதல் கையெழுத்து. கடிபட்ட தாளை எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன். ஏன் குப்பைக்கூடையில் போடவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. புதுத்தாள் ஒன்றைத் தொங்கவிட்டேன்.

பின்னேரம் முழுக்க அது அசையவில்லை. நாலரைக்கு ஹோஃபர் வந்து குனிந்து தாளைப் பார்த்தார்.

"தாங்கினதோ?"

"ஓம் மைஸ்டர்."

சோதனை அட்டையில் கையெழுத்து வைத்தேன். ஐந்து மணிக்குக் கெஸ்லர் வந்து வெறுமையாக ஒருமுறை அழுத்திப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "கண்ணாடி," என்றார்.

அடுத்த நாள் நடந்தது இது. அந்தப் போட்டியில் கையை நாற்பத்தைந்து பாகை கீழே தாழ்த்திக்கொண்டு, இலக்கு திரும்பும் வரை ஏழு விநாடி காத்திருக்க வேண்டும். கெஸ்லர் அப்படி நின்றபோது பிஸ்டல் வெடித்தது. குண்டு முன்னாலிருந்த இரும்பு விளிம்பில் பட்டுச் சிதறியது. பக்கத்தில் நின்ற ரூடி, பனிப்புகார் படிந்த பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியிருந்தார். ஒரு துணுக்கு இடது கண்ணில் ஏறியது. அந்தக் கண் போய்விட்டது.

பொலிசார் பிஸ்டலை எடுத்துப்போய் எடை தூக்கிப் பார்த்தார்கள். தாங்கியது. ஹோஃபர் அட்டையைக் கொடுத்தார். எல்லாம் ஒழுங்கு. சில கிழமைக்குப் பிறகு பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்தார்கள். கெஸ்லர் அதை நேரே எங்களிடம் கொண்டுவந்தார்.

"நான் செய்யேல்லை," என்றார். "என்ர விரல் வெளியில இருந்தது. நான் எப்பவும் கையைத் தாழ்த்தினா விரலை வெளியில நீட்டித்தான் வைக்கிறனான். நான் செய்யேல்லை."

ஹோஃபர் என்னைப் பார்த்தார். "ஷிவா, கழட்டிப் பார். நாளைக்குக் காலமை நானும் பாக்கிறன்."

பட்டறையின் வழமையான பொருள் பட்டியலில் நான் இடையில் எழுதிப்போட்டிருந்த புதுக் கொக்கி அதற்குள் வந்துவிட்டிருந்தது. அன்று பின்னேரம் அதைப் பூட்டினேன். பழையதை என் பொக்கெற்றில் போட்டேன். காலையில் ஹோஃபர் உருப்பெருக்கியோடு பத்து நிமிடம் குனிந்திருந்துவிட்டு, "பிழை ஒண்டுமில்லை," என்றார். மறுபடி வந்திருந்த கெஸ்லர் அவரை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை செய்தவன் நான் அல்லவா. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன்.

"ஹேர் கெஸ்லர், சில வேளை விரல் எங்களுக்குத் தெரியாமலே மடங்கும்."

அவ்வளவுதான். அவர் தன் கையைத் தூக்கி, விரலை, அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போல் பார்த்தார்.

அதன் பிறகு அவர் பிஸ்டல் இல்லாமல் பட்டறைக்கு வரத் தொடங்கினார். ஒன்றும் வாங்க மாட்டார். மேசைக்கு முன்னால் வந்து கையைத் தாழ்த்தி நிற்பார். "ஷிவா, பாருங்கோ. மடங்குதோ?" நான் பார்ப்பேன். மடங்காது. "இல்லை," என்பேன். "நீங்கள் பாக்காத நேரம்?" என்று கேட்பார். ஒரு முறை அந்த விரலில் மரச்சலாகை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வசந்த காலத்தில் ஹோஃபர் சொன்னார், கெஸ்லர் ரயில் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். தன் கையின் மேல் நம்பிக்கையில்லை, பின்னால் ஆறு பெட்டி சனம் இருக்கிறது என்று தானே எழுதிக் கொடுத்தாராம். அவருக்குப் பணிமனையில் பெட்டிகளின் உள்பக்கம் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். பிறகு ஃப்ரிபூர்க் பக்கம் போய்விட்டார்.

நான் பதினெட்டு வருடம் தொடர்ந்து வேலை செய்தேன். நல்ல பெயர் எடுத்தேன். ஒரு பிஸ்டல்கூடத் திரும்பி வரவில்லை. ஹோஃபர் இறந்து ஒன்பது வருடமாகிறது, அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அமைதியான இடங்களில், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், பூசை மணி அடிக்க முந்திய கணத்தில், எனக்குப் பின்னால் மூன்று அடி தள்ளி அந்தச் சத்தம் கேட்கும். ஒருமுறைதான் கேட்கும். நான் திரும்பிப் பார்ப்பேன். பத்மா அதைப் பிடரி உளைவு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து விடுவாள்.

அபிராமி கேட்ட அன்று மேலே வந்து பத்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையில் இருந்து கேட்டாள். தாளை விழுங்கியதைச் சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் கட்டித் தந்த புட்டோடயோ?"

"ஓம்."

"எனக்கு ஏனப்பா சொல்லுறியள்? என்ர விரலோ போனது? போய் அந்த மனுசனிட்டச் சொல்லுங்கோ."

முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இளம் அதிகாரி ஒருவர் மரியாதையாகக் கேட்டு எழுதி, காலம் கடந்துவிட்டதென்று சொல்லி அனுப்பினார். அடுத்த வியாழக்கிழமை, இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த பழைய கொக்கியைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஃப்ரிபூர்க் ரயில் ஏறினேன்.

கெஸ்லர் தனியாக இருந்தார். என்னை அடையாளம் கண்டதும் வியக்கவில்லை. சமையலறை மேசையில் இரண்டு கதிரை. ஒன்றில் இருக்கப் போனேன். "அதில இருக்காதேங்கோ, அது ரூடியின்ர," என்றார். வியாழன்தோறும் ரூடி வந்து சீட்டு விளையாடுவாராம். போன குளிர்காலம் இறந்துவிட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். இரண்டு இழுவை, தாள், அட்டை, புதுக் கொக்கி, நான் விரலைப் பற்றிச் சொன்னது. கொக்கியை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நீங்கள் நல்ல மனுசன்," என்றார். "என்னை ஆறுதல்படுத்த இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்கள்."

"இல்லை ஹேர் கெஸ்லர். இது உண்மை."

"அப்ப இதைப் பாருங்கோ."

எழுந்து நின்று வலது கையை நாற்பத்தைந்து பாகைக்குத் தாழ்த்தினார். கையில் ஒன்றுமில்லை. சுட்டுவிரல் நேராக நீண்டிருந்தது. முகம் யன்னல் பக்கம். மூன்று, நான்கு விநாடி போயிருக்கும். மற்ற நான்கு விரல்களும் அசையாமல் இருக்க, அது மட்டும் மெல்ல மடங்கியது. உறங்குகிற பிராணி ஒன்று காலை இழுத்துக்கொள்வது போல.

"நான் செய்யேல்லை," என்றார். "பாத்தீங்களோ? இருபத்திரண்டு வருசமா இப்பிடித்தான். உங்கட கதை உண்மையெண்டா, இது ஆர்?"

பட்டறையில் அது ஒருநாளும் மடங்கியதில்லை. நான் சொன்ன பிறகு அது கற்றுக்கொண்டிருக்கிறது.

அதை மறக்கச் செய்வதுதான் என்னால் செய்யக்கூடிய பரிகாரம் என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன் போனேன். அவர் கையைத் தாழ்த்துவார். நான் நடந்ததை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், முதலிலிருந்து சொல்வேன். கல் ஊமையானது. டிக். தாள். அவர் கேட்டுக்கொண்டே நிற்பார். விரல் மடங்க எடுக்கும் நேரம் நீண்டுகொண்டு போனது. கோடை முழுவதும் இப்படி.

ஒன்பதாவது முறை அது மடங்கவில்லை. நான் முழுவதும் சொல்லி முடித்தேன். தோள் களைத்துக் கை நடுங்கியது. விரல் மட்டும் நேராக இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாருங்கோ! பாருங்கோ ஹேர் கெஸ்லர்!" என்று முட்டாள் போலக் கத்தினேன்.

அவர் கையை இறக்கவில்லை. விரலை நெடுநேரம் பார்த்தார். பிறகு முதன்முறையாக அந்தக் கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரூடி ஒவ்வொரு வியாழனும் வந்தவன்," என்றார். "சாகிறதுக்கு முதல் கிழமை, என்னை மன்னிச்சிட்டன் எண்டு சொன்னவன். இருபத்திரண்டு வருசம் எடுத்தது அவனுக்கு. என்னத்தை மன்னிச்சவன்?"

வரவேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்தக் கதிரையை இழுத்து, என்னை இருக்கச் சொன்னார்.

இப்போதும் போகிறேன். அவர் கையைத் தாழ்த்திக் காட்டுவதில்லை. என்னிடம் நடந்ததைக் கேட்பதுமில்லை. ரூடியின் கதிரையில் என்னை இருத்தி, சீட்டுக்கட்டைக் கலைத்துப் பிரித்துப் போடுகிறார். எல்லா இடத்திலும் என்னை நீங்கள் என்று அழைக்கும் அந்த மனிதர், அந்தக் கதிரையில் நான் இருக்கும்போது மட்டும் நீ என்கிறார். என் இடது பக்கத்தில் வைக்கும் சீட்டை, ரூடியைப் போல எனக்கும் அந்தப் பக்கக் கண் தெரியாதென்று நினைத்து, மெல்ல வலது பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

நான் அதை வலது பக்கத்திலிருந்தே எடுக்கிறேன்.